100 எம்பிபிஎஸ் பிளான்... ஆனா ஸ்பீட் 9 தானா? யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தாச்சு. 100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணமும் கட்டியாச்சு. லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லை என்பதால், 250 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டரை வாங்கி மாட்டியாச்சு. ஆனால் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்த்தால் 9 எம்பிபிஎஸ்-ஐ தாண்டவே மாட்டேங்குது.

கேபிள்காரருக்கு போன் போகிறது. அவர் வந்து தன்னுடைய லேப்டாப்பில் மாட்டிக் காட்டுகிறார். அதில் 94 வருகிறது. "லைன்ல எந்தப் பிரச்சினையும் இல்லைண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவர் சொல்வது உண்மை. வீட்டுக்காரர் சொல்வதும் உண்மை. கோளாறு இருப்பது இரண்டுக்கும் நடுவில் தொங்கும் அந்த விரல் அளவு அடாப்டரில்.

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் போன்ற ஊர்களில் ஃபைபர் இணைப்பு பெறும் பல வீடுகளில் இந்தச் சிக்கல் வரலாம். எந்த அடாப்டர் வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது, அது தேவைதானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? விரிவாகப் பார்க்கலாம்.

அன்னவாசலில் ஏன் இந்தக் கேள்வி?

புதுக்கோட்டையில் இருந்து இலுப்பூர் போகும் வழியில் இருக்கிறது அன்னவாசல் பேரூராட்சி. சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர்.

கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டு செல்லும் தேசிய திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்தது. அதுதான் பின்னர் 'பாரத்நெட்' என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணியை டான்ஃபிநெட் என்று அழைக்கப்படும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் செய்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களில் அன்னவாசல் ஒன்றியமும் ஒன்று. இது போக, தனியார் நிறுவனங்களும் கேபிள் டிவி ஆபரேட்டர்களும் சிறிய ஊர்கள் வரை வீட்டு ஃபைபர் இணைப்பு கொடுத்து வருகிறார்கள்.

ஆக, ஃபைபர் வாசல் வரை வந்துவிடுகிறது. சிக்கல் ஆரம்பிப்பது வாசலுக்கு உள்ளே. சுவரில் மாட்டிய பாக்ஸில் இருந்து கம்ப்யூட்டர் வரை உள்ள கடைசி சில மீட்டர் தூரத்தில், வாங்கிய வேகத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடலாம்.

சினிமா பார்ப்பதோடு இது முடிந்துவிடுகிற விஷயமும் இல்லை. தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஆவணங்களை அப்லோடு செய்வது, கல்லூரி கவுன்சிலிங்கில் நேரம் முடிவதற்குள் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்வது, வீடியோவில் வேலைக்கான இன்டர்வியூ, வீட்டிலிருந்தே வேலை என எல்லாமே அந்தக் கடைசி சில மீட்டரை நம்பித்தான் இருக்கின்றன.

யூஎஸ்பி லேன் அடாப்டர் என்றால் என்ன?

ஒரு பக்கம் யூஎஸ்பி முனை. மறுபக்கம் லேன் கேபிள் மாட்டும் சதுரத் துளை. நடுவில் ஒரு சின்ன சிப். ரூட்டரில் இருந்து லேன் கேபிளில் வரும் தகவலை யூஎஸ்பி வழியாக கம்ப்யூட்டருக்குள் அனுப்புவதுதான் அந்த சிப்பின் வேலை. 'யூஎஸ்பி டு ஈதர்நெட்', 'யூஎஸ்பி டு ஆர்ஜே45', 'லேன் கார்டு' என்று கடைக்கு கடை பெயர் மாறும். பொருள் ஒன்றுதான்.

ஈதர்நெட் தொழில்நுட்பம் 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. யூஎஸ்பி 1996-ல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர், இந்தியாவில் பிறந்த அஜய் பட். 2008-ல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேக்புக் ஏர் லேப்டாப்பில் லேன் போர்ட்டே இல்லை. தேவைப்படுகிறவர்கள் அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. பிறகு மற்ற நிறுவனங்களின் மெல்லிய லேப்டாப்களிலும் லேன் போர்ட் காணாமல் போக ஆரம்பித்தது. இந்த அடாப்டர் வீட்டுக்குள் வந்த கதை இதுதான்.

முதலில்... இது உங்களுக்குத் தேவையா?

காசு செலவழிக்கும் முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

* உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே லேன் போர்ட் இருக்கிறதா? சில மாடல்களில் அது பாதி மூடிய நிலையில் இருக்கும். கீழ்ப்பகுதியை விரலால் இழுத்தால்தான் திறக்கும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

* டெஸ்க்டாப்பா? பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் மதர்போர்டிலேயே லேன் போர்ட் இருக்கும். அது பழுதாகியிருந்தால், உள்ளே மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டும் ஒரு வழி. கேபினெட்டைத் திறந்து மாட்டத் தெரிந்த ஆள் இருந்தால் அதுதான் டெஸ்க்டாப்புக்கு உறுதியான தேர்வு. யூஎஸ்பி அடாப்டரின் வசதி, யாரும் தானே மாட்டிக்கொள்ளலாம் என்பது.

* வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் நன்றாக வருகிறதா? ரூட்டரும் லேப்டாப்பும் ஒரே அறையில் இருந்து, இரண்டிலும் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால், வைஃபையிலேயே 100 எம்பிபிஎஸ்-ஐ தாண்டும். அப்போது 100 எம்பிபிஎஸ் அடாப்டரை மாட்டினால் வேகம் கூடாது, குறையத்தான் செய்யும்!

* அறைகள் நடுவே கனமான சுவர் இருக்கிறதா? கனமான கல் சுவர், கான்கிரீட் சுவர் உள்ள வீடுகளில் வைஃபை சிக்னல் இரண்டாவது அறையைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். அந்த இடத்தில்தான் கேபிளின் அருமை தெரியும்.

ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். கேபிளால் கிடைக்கும் பெரிய லாபம் வேகத்தைவிட நிலைத்தன்மைதான். வைஃபையில் 80 வந்து, திடீரென 5-க்கு இறங்கி, மறுபடி ஏறும். கேபிளில் 40 என்றால் 40 அப்படியே நிற்கும். ஆன்லைன் தேர்வு, இன்டர்வியூ, வெளிநாட்டில் இருப்பவர்களோடு வீடியோ கால் இதற்கெல்லாம் இந்த நிலைத்தன்மைதான் முக்கியம்.

வேகம் எங்கெல்லாம் மாட்டிக்கொள்ளும்?

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வாய்க்காலில் ஓர் இடம் குறுகலாக இருந்தால் அந்த அளவுக்குத்தான் தண்ணீர் போகும். இணையமும் அப்படித்தான். ஐந்து இடங்களில் குறுகல் வரலாம்.

1. பிளான்: நீங்கள் பணம் கட்டும் வேகம். 30, 40, 60, 100, 150, 300 எம்பிபிஎஸ் என்று இருக்கும். இதற்கு மேல் எந்த அடாப்டரும் கொடுக்காது.

2. பாக்ஸில் உள்ள லேன் போர்ட்: சுவரில் மாட்டும் ஃபைபர் பாக்ஸின் எல்லா போர்ட்டும் ஒரே வேகம் இல்லை. விலை குறைந்த சில பாக்ஸ்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், அதாவது 1,000 எம்பிபிஎஸ். மற்றவை 100 எம்பிபிஎஸ் மட்டுமே. பாக்ஸின் பின்னால் அல்லது அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். 'ஜிஇ' என்றால் கிகாபிட், 'எஃப்இ' என்றால் 100. தெரியவில்லை என்றால் இணைப்பு கொடுத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

3. லேன் கேபிள்: கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகளாக இருக்கும். 100 எம்பிபிஎஸ்-க்கு 2 ஜோடி போதும். கிகாபிட்டுக்கு 4 ஜோடியும் வேண்டும். கிரிம்பிங் செய்யும்போது ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்றாலும் வேகம் பொதுவாக 100-க்கு இறங்கிவிடும். இணையம் வேலை செய்யும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்ட கேபிள் போதும். இரண்டுமே 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். உள்ளே முழு செம்புக் கம்பியா என்றும் கேளுங்கள். அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு போட்ட கேபிள்களும் விற்பனையில் உண்டு. அவை வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

4. அடாப்டர்: உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்து 10, 100, 1,000 அல்லது 2,500 எம்பிபிஎஸ்.

5. கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட்: யூஎஸ்பி 2.0 போர்ட்டின் உச்ச வேகம் 480 எம்பிபிஎஸ். நடைமுறையில் இணையத்துக்கு சுமார் 300 கிடைத்தால் நல்லது. யூஎஸ்பி 3.0 என்றால் 5,000 எம்பிபிஎஸ், அதாவது 5 ஜிபிபிஎஸ். கிகாபிட் அடாப்டரை யூஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டினால் வேலை செய்யும், ஆனால் முழு வேகம் வராது.

யூஎஸ்பி 3.0 போர்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே நீல நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் அதுதான். ஆனால் எல்லா நிறுவனங்களும் இந்த நிற வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. போர்ட்டுக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்ற எழுத்துகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியில் 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று எது போட்டிருந்தாலும் குழம்ப வேண்டாம். மூன்றுமே ஒரே 5 ஜிபிபிஎஸ்-தான். பெயர் மட்டும்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அந்த 250 ரூபாய் அடாப்டரில் என்ன கோளாறு?

கடைகளிலும் ஆன்லைனிலும் மிக மலிவாகக் கிடைக்கும் சில அடாப்டர்களுக்குள் 'எஸ்ஆர் 9700' போன்ற சிப் இருக்கிறது. சில நேரம் அடாப்டரின் மேல் '9700' என்ற எண்ணே அச்சிடப்பட்டிருக்கும். கூடவே ஒரு மினி சிடியும் வரும்.

இந்த சிப்பின் லேன் பக்கம் 100 எம்பிபிஎஸ். ஆனால் யூஎஸ்பி பக்கம் 1998-ல் வந்த யூஎஸ்பி 1.1. அதன் உச்ச வேகமே 12 எம்பிபிஎஸ். அதிலும் நிர்வாகத் தகவலுக்குப் போக மிஞ்சுவது 10-க்கும் கீழே. அதனால்தான் ஸ்பீட் டெஸ்டில் 9, 8 என்று வருகிறது.

ஏமாற்றம் எங்கே என்றால், பெட்டியில் '10/100 எம்பிபிஎஸ்' என்றும், 'யூஎஸ்பி 2.0' என்றும் போட்டிருப்பார்கள். யூஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டினாலும் வேலை செய்யும் என்பதுதான் அதன் அர்த்தம். யூஎஸ்பி 2.0 வேகம் கிடைக்கும் என்பது இல்லை. விண்டோஸும் 'லிங்க் ஸ்பீட் 100' என்றுதான் காட்டும். ஏனென்றால் அது லேன் பக்கத்து வேகம் மட்டுமே. ஆக, எங்கே பார்த்தாலும் 100 என்றுதான் தெரியும். ஸ்பீட் டெஸ்டில்தான் குட்டு உடையும்.

வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 4 ஜிபி அளவுள்ள ஒரு ஃபைலை டவுன்லோடு செய்ய:

* 9 எம்பிபிஎஸ் வேகத்தில்: சுமார் 1 மணி நேரம்
* 94 எம்பிபிஎஸ் வேகத்தில்: 6 நிமிடத்துக்குள்
* 300 எம்பிபிஎஸ் வேகத்தில்: 2 நிமிடத்துக்குள்

அடாப்டரில் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். ஆனால் 100 எம்பிபிஎஸ்-க்கு மாதாமாதம் கட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு வேகம்தான் அந்த கம்ப்யூட்டருக்கு வந்து சேருகிறது. பிளானை 150, 200 என்று உயர்த்தினாலும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

எந்த பிளானுக்கு எந்த அடாப்டர்?

100 எம்பிபிஎஸ் வரை உள்ள பிளான்: உண்மையான யூஎஸ்பி 2.0 சிப் உள்ள 100 எம்பிபிஎஸ் அடாப்டரே போதும். 'ரியல்டெக் ஆர்டிஎல் 8152', 'ஆசிக்ஸ் ஏஎக்ஸ் 88772' ஆகியவை இந்த வகையில் நீண்ட நாளாகப் புழக்கத்தில் இருக்கும் சிப்கள். ஸ்பீட் டெஸ்டில் 94, 95 வரும். அது கோளாறு இல்லை. தகவலோடு கூடவே போகும் முகவரி விவரங்களுக்கு அந்த மீதி 5 செலவாகிறது.

100-க்கு மேல் உள்ள பிளான், அல்லது சீக்கிரம் உயர்த்தும் எண்ணம்: யூஎஸ்பி 3.0 கிகாபிட் அடாப்டர் வாங்குங்கள். 'ரியல்டெக் ஆர்டிஎல் 8153', 'ஆசிக்ஸ் ஏஎக்ஸ் 88179' இரண்டும் பரவலாகப் பயன்படும் சிப்கள். இப்போது 60 எம்பிபிஎஸ் பிளானில் இருந்தாலும், விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் இதையே வாங்குவது நல்லது. பிளான் மாறினாலும் அடாப்டரை மாற்ற வேண்டியிருக்காது.

2.5 கிகாபிட் அடாப்டர்: 'ரியல்டெக் ஆர்டிஎல் 8156' போன்ற சிப்போடு வருகிறது. ரூட்டரிலும் 2.5 கிகாபிட் போர்ட் இருந்தால்தான் பயன். சாதாரண வீட்டு பிளானுக்கு இது தேவையில்லை. கடைக்காரர் "இதுதான் லேட்டஸ்ட்" என்று சொன்னாலும் அவசரப்பட வேண்டாம்.

பழைய லேப்டாப், யூஎஸ்பி 2.0 போர்ட் மட்டுமே இருக்கிறது: கிகாபிட் அடாப்டரை மாட்டினால் 300 எம்பிபிஎஸ் அளவுக்கு வரலாம். 100 எம்பிபிஎஸ் அடாப்டரைவிட இதுவே லாபம். பிளான் 100-க்குள் என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

டைப்-சி போர்ட் மட்டும் உள்ள லேப்டாப்: டைப்-சி முனை உள்ள அடாப்டரே வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே, வேகம் இல்லை. டைப்-சி முனை வைத்த 100 எம்பிபிஎஸ் அடாப்டர்களும் விற்கின்றன. ஒரு வசதியும் உண்டு. டைப்-சி அடாப்டரைப் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் மாட்டலாம். வீட்டு லைன் சரியாக இருக்கிறதா என்று போனிலேயே சோதித்துவிடலாம்.

கடையில் என்ன கேட்பது? ஆன்லைனில் எதைப் பார்ப்பது?

"லேன் அடாப்டர் கொடுங்க" என்று மட்டும் கேட்டால், கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். "யூஎஸ்பி 3.0, கிகாபிட் லேன் அடாப்டர், 10/100/1000 போட்டது வேணும்" என்று கேளுங்கள். அந்தக் கடைசி '1000' பெட்டியில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சிப் பெயர் பெட்டியிலோ, ஆன்லைன் விவரப் பகுதியிலோ இருந்தால் இன்னும் நல்லது. சிப் பெயரைச் சொல்லவே மறுக்கும், விலை மட்டும் மிகக் குறைவாக இருக்கும் பொருளைத் தவிர்த்துவிடலாம்.

பிராண்டைவிட சிப் முக்கியம். ஒரே பிராண்டில் நல்ல மாடலும் இருக்கும், சுமாரான மாடலும் இருக்கும். ஆனால் தெரிந்த பிராண்ட் என்றால் வாரண்டி, டிரைவர் இரண்டும் கிடைக்கும் என்பது ஒரு பாதுகாப்பு.

பார்க்க லேன் அடாப்டர் மாதிரியே இருக்கும் இரண்டு பொருள்களிடம் ஜாக்கிரதை:

* யூஎஸ்பி எக்ஸ்டெண்டர்: இதிலும் ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் லேன் துளை. பெரும்பாலும் ஜோடியாக விற்பார்கள். பிரிண்டர், கேமரா போன்றவற்றின் யூஎஸ்பி கேபிளை நீளமாக்க லேன் கேபிளைப் பயன்படுத்தும் கருவி இது. இணையம் வராது.

* கன்சோல் கேபிள்: ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை லேன் பின். நெட்வொர்க் இன்ஜினியர்கள் ரூட்டரை செட்டிங் செய்யப் பயன்படுத்துவது. இதிலும் இணையம் வராது.

எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். ஆன்லைன் என்றால் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். பெட்டியில் சொன்னதும் உள்ளே இருப்பதும் வேறு வேறாக இருந்து, விற்றவர் மாற்றித் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

மாட்டினால் தானாக வேலை செய்யுமா?

விண்டோஸ் 10, 11-ல் மேலே சொன்ன ரியல்டெக், ஆசிக்ஸ் சிப்கள் பெரும்பாலும் மாட்டியதும் தானாகவே வேலை செய்யும். லினக்ஸிலும் இவற்றுக்கான டிரைவர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7 போன்ற பழைய கம்ப்யூட்டர்களில் டிரைவர் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல். டிரைவர் இருந்தால்தான் இணையம் வரும். இணையம் இருந்தால்தான் டிரைவரை டவுன்லோடு செய்ய முடியும். பெட்டியில் சிடி கொடுத்திருந்தாலும், இப்போதைய லேப்டாப்களில் சிடி டிரைவ் ஏது?

வழி சுலபம். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். போனின் டேட்டா கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். டிரைவரை அடாப்டர் நிறுவனத்தின் அல்லது சிப் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 'இலவச டிரைவர்' என்று விளம்பரம் செய்யும் தெரியாத தளங்கள் வேண்டவே வேண்டாம். சில அடாப்டர்களை மாட்டியதும் கம்ப்யூட்டரில் ஒரு சிடி டிரைவ் போலத் தெரியும். அதற்குள்ளேயே டிரைவர் இருக்கும்.

மாட்டியாச்சு. சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது எப்படி?

படி 1: அடாப்டரில் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

படி 2: விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ஈதர்நெட். 'லிங்க் ஸ்பீட்' என்ற வரியில் 1000/1000 என்றால் கிகாபிட். கிகாபிட் அடாப்டர் மாட்டியும் 100/100 என்று காட்டினால், கேபிளின் கிரிம்பிங் அல்லது பாக்ஸில் நீங்கள் மாட்டிய போர்ட்தான் காரணமாக இருக்கும். பாக்ஸின் வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

படி 3: வைஃபையை ஆஃப் செய்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். வைஃபை ஆனில் இருந்தால் எந்த வழியில் சோதனை நடந்தது என்பதே குழப்பமாகிவிடும். வீட்டில் மற்றவர்கள் வீடியோ பார்க்காத நேரமாகப் பாருங்கள்.

படி 4: லிங்க் ஸ்பீட் 100 காட்டி, ஸ்பீட் டெஸ்டில் 10-க்குக் கீழே வந்தால், அதே கேபிளை வேறு ஒரு லேப்டாப்பின் லேன் போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே வேகம் சரியாக வந்தால் சந்தேகமே இல்லை, அடாப்டரை மாற்றுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். பிளானில் சொல்வது மெகா 'பிட்'. டவுன்லோடு ஆகும்போது பல நேரம் திரையில் தெரிவது மெகா 'பைட்'. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100 எம்பிபிஎஸ் பிளானில் டவுன்லோடு 11 அல்லது 12 எம்பி என்று காட்டினால், அது முழு வேகம்தான். ஸ்பீட் டெஸ்டிலேயே 9 எம்பிபிஎஸ் என்று காட்டுவதுதான் கோளாறு.

அடிக்கடி இணைப்பு துண்டிக்கப்படுகிறதா?

அடாப்டரை யூஎஸ்பி ஹப்பில் மாட்டியிருந்தால், நேராக கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். ஒரு யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்கும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர். தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பில் மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ், அடாப்டர் என்று நான்கையும் மாட்டினால் அத்தனையும் அதைத்தான் பங்கு போட வேண்டும்.

வயர்லெஸ் மவுஸ் திடீரென தடுமாறுகிறதா? யூஎஸ்பி 3.0 கருவிகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாகும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-ல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. மவுஸின் குட்டி ரிசீவரை அடாப்டருக்குப் பக்கத்தில் இல்லாமல் எதிர்ப்பக்க போர்ட்டில் மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கிகாபிட் அடாப்டர் தொட்டால் லேசாகச் சுடும். அது இயல்பு. மெத்தை, தலையணை மேல் வைக்காமல் காற்றோட்டமாக விட்டால் போதும்.

இடி, மின்னல்... மறந்துவிடாதீர்கள்!

கோடை மழையிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் இடி மின்னல் சகஜம். டெஸ்க்டாப்பின் லேன் போர்ட் 'போய்விடுவதற்கு' மின்னல் ஒரு முக்கிய காரணம்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் பாக்ஸில் இருந்து கம்ப்யூட்டர் வரும் லேன் கேபிள் செம்பு. அது கடத்தும். பாக்ஸ் ஒரு வீட்டிலும் கம்ப்யூட்டர் பக்கத்து வீட்டிலும் இருந்து, லேன் கேபிளை மொட்டை மாடி வழியாக இழுத்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பக்கத்தில் எங்கோ மின்னல் இறங்கினாலே கேபிளில் மின் எழுச்சி உண்டாகி, இரு முனையிலும் உள்ள போர்ட்டுகளைக் கருக்கிவிடும். பாக்ஸின் பவர் பிளக் வழியாகவும் இதே ஆபத்து உண்டு.

இடி மழை நெருங்குவதற்கு முன்பே லேன் கேபிள், பாக்ஸின் பிளக் இரண்டையும் கழற்றிவிடுவதுதான் நல்லது. இடி சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு வயரைத் தொட வேண்டாம்.

ஏற்கெனவே லேன் போர்ட் போய்விட்டதா? கம்ப்யூட்டர் மற்றபடி நன்றாக இருந்தால் அதற்காக மதர்போர்டையே மாற்ற வேண்டியதில்லை. ஒரு நல்ல யூஎஸ்பி அடாப்டர் அந்த வேலையைச் செய்துவிடும். "போர்டு மாத்தணும், பல ஆயிரம் ஆகும்" என்று யாராவது சொன்னால், முதலில் அடாப்டரை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

* முதலில் லேப்டாப்பிலேயே லேன் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.
* பிளான் 100 எம்பிபிஎஸ் வரை என்றால் நல்ல சிப் உள்ள 100 எம்பிபிஎஸ் அடாப்டர் போதும். அதற்கு மேல் என்றால் யூஎஸ்பி 3.0 கிகாபிட்.
* '9700' என்று போட்ட, மினி சிடியோடு வரும் மலிவு அடாப்டர் வேண்டாம்.
* பெட்டியில் 10/100/1000 இருக்கிறதா, கேபிளில் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.
* பாக்ஸின் கிகாபிட் போர்ட்டில், கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் மாட்டுங்கள்.
* வாங்கிய அன்றே வைஃபையை ஆஃப் செய்து ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பிளானை உயர்த்தச் சொல்லி யாராவது யோசனை சொன்னாலும், அதற்கு முன் ஒருமுறை பாக்ஸ், கேபிள், அடாப்டர், யூஎஸ்பி போர்ட் நான்கையும் சோதித்துவிடுங்கள். பல வீடுகளில் கூடுதல் பணம் கட்டாமலேயே வேகம் கிடைத்துவிடும்.